ஹார்டு டிஸ்க்கை ‘கன்வர்ட்’ பண்ணலாமா? இன்னொரு காப்பி இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்!

செங்கல்பட்டு வீட்டில் இருப்பது பழைய விண்டோஸ் லேப்டாப். பரனூர் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இஎம்ஐயில் வாங்கியது மேக்புக். இரண்டுக்கும் நடுவில் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க். அதை மேக்கில் செருகினால் ஃபைல் எல்லாம் தெரிகிறது, திறக்கவும் செய்கிறது. ஆனால், புதிதாக ஒரு போட்டோவைக்கூட அதில் போட முடிவதில்லை. டிஸ்க் கெட்டுப்போச்சோ என்று பயம் வந்துவிடுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை திருமண ஷூட் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை. கேமராமேன் விண்டோஸில் காப்பி எடுத்துத் தருவார். எடிட்டர் மேக்கில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் டிஸ்க் கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்.

“அண்ணா, இதை மேக்குக்கு மாத்திக் குடுங்க.”

“மாத்திடலாம் தம்பி. உள்ள ஏதாவது முக்கியமா இருக்கா?”

நல்ல கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வேலையை முடித்துவிட கம்ப்யூட்டரால் முடியும். வீட்டிலேயே ‘ஒரு க்ளிக்தானே’ என்று அழுத்தியவர்கள், ஐந்து வருடப் போட்டோக்களை ஐந்து விநாடியில் இழப்பது அதனால்தான். ஃபைல் சிஸ்டத்தை மாற்றுவது தொழில்நுட்ப ரீதியாகச் சின்ன வேலை. அதைச் சின்ன வேலை என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன?

ஜிஎஸ்டி சாலையில் பயணம் செய்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. சாலையின் இரு பக்கமும் லேஅவுட் விளம்பரங்கள்தான். வெறும் நிலத்தை யாரும் மனையாக விற்க முடியாது. அளந்து, பிரித்து, எண் போட்டு, எந்த மனை யாருடையது என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். டிஸ்க் என்பது நிலம். ஃபைல் சிஸ்டம் என்பது லேஅவுட் வரைபடமும் பதிவேடும் சேர்ந்தது. எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த இடம் காலி என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனமும் தன் பதிவேட்டைத் தன் பாணியில் எழுதுகிறது. மைக்ரோசாஃப்ட் 1993-ல் விண்டோஸ் என்டியுடன் கொண்டுவந்தது என்டிஎஃப்எஸ். இன்றுவரை விண்டோஸின் வீட்டு மொழி அதுதான். ஆப்பிள் 2017-ல் மேக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தது ஏபிஎஃப்எஸ். மேக், என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. விண்டோஸோ ஏபிஎஃப்எஸ்ஸைப் படிக்கவே படிக்காது. ஆக, மேக்கில் காப்பி ஆகவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பதிவேட்டின் மொழி வேறு, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் பொதுவாக இரண்டு மொழிகள் உண்டு. ஒன்று, 1996 முதல் புழக்கத்தில் உள்ள ஃபேட்32. டிவி, கார் ஸ்டீரியோ என எதில் செருகினாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால், ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கப்படும் 4கே வீடியோ ஆறு நிமிடத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். தாலி கட்டும் நேரத்துக்குக்கூட அது போதாது. இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட். இதில் அந்த 4 ஜிபி தடை கிடையாது. விண்டோஸ், மேக் இரண்டுமே படிக்கும், எழுதும். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கேமரா கார்டுகளுக்கு இதுதான் நிலையான வடிவம்.

எனவே ‘எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திடு’ என்று நண்பர்கள் சொல்லும் யோசனை தப்பில்லை. ஆனால், அந்த ‘மாத்திடு’ என்ற ஒரு சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

மாற்றம் அல்ல, அழிப்பு

கன்வர்ட் என்றதும், வேர்டு ஃபைலை பிடிஎஃப் ஆக்குவதுபோல உள்ளே இருப்பது அப்படியே இருக்க, வடிவம் மட்டும் மாறும் என்று தோன்றும். விண்டோஸில் ‘கன்வர்ட்’ என்றே ஒரு கட்டளை உண்டு. ஆனால், அது செய்வது ஒரே ஒரு வேலைதான். ஃபேட் அல்லது ஃபேட்32-ல் உள்ள டிஸ்க்கை, உள்ளே இருக்கும் ஃபைல்களோடு என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றும். அது ஒருவழிப் பாதை. திரும்பி வர முடியாது. என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து எக்ஸ்ஃபேட்டுக்கோ, எக்ஸ்ஃபேட்டிலிருந்து ஏபிஎஃப்எஸ்ஸுக்கோ போக விண்டோஸும் மேக்கும் தரும் வழி ஒன்றுதான்: ஃபார்மேட்.

ஃபார்மேட் என்றால் பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே நிலத்தில் புது லேஅவுட் போடுவது. ‘க்விக் ஃபார்மேட்’ செய்தால் பழைய வீடுகள் இடிபடுவதில்லை. ஆனால், அவை யாருடையவை என்ற பதிவு போய்விடும். புதிய பதிவேட்டைப் பொறுத்தவரை எல்லாமே காலி மனை. அடுத்து வரும் ஃபைல் பழைய வீட்டின் மேலேயே கட்டிக்கொள்ளும். விண்டோஸில் ‘க்விக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால், விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதிவிடும். அப்புறம் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

ஆக, ஃபைல் சிஸ்டத்தை ‘மாற்றுவது’ என்பது உண்மையில் மூன்று வேலைகள்: எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு எடுப்பது, டிஸ்க்கை அழிப்பது, எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது. முதல் வேலைக்கு இடம் இல்லாதவர் இரண்டாவது வேலையைத் தொடங்கக் கூடாது. 1 டிபி டிஸ்க்கில் 900 ஜிபி இருக்கிறது, லேப்டாப்பில் 60 ஜிபிதான் காலி என்றால், அவருக்குத் தேவை புது ஃபைல் சிஸ்டம் அல்ல, இன்னொரு டிஸ்க்.

‘கேன்சல்’தான் சரியான பட்டன்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மாற்ற நினைக்கும்போது அல்ல, மாற்ற நினைக்காதபோதுதான். மேக்கில் பயன்படுத்திய ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று ஒரு செய்தி வரும். பக்கத்திலேயே ஃபார்மேட் பட்டன். இப்படிச் சொன்னால் யாருக்கும் ‘சரி, செஞ்சாதான் திறக்கும்போல’ என்றுதான் தோன்றும். அந்தச் செய்தியின் உண்மையான பொருள், ‘இந்தப் பதிவேட்டைப் படிக்க எனக்குத் தெரியவில்லை’ என்பது மட்டுமே.

மேக்கும் தன்னால் படிக்க முடியாத டிஸ்க்கைப் பார்த்தால் ‘இனிஷியலைஸ்’, ‘இக்னோர்’, ‘இஜெக்ட்’ என்று மூன்று பட்டன்களைக் காட்டும். இதில் ‘இனிஷியலைஸ்’ என்பது அழிப்பதற்கான வாசல். டிஸ்க்கில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால், விண்டோஸில் ‘கேன்சல்’, மேக்கில் ‘இஜெக்ட்’. இது ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி விபத்துகள் நடக்காது.

எக்ஸ்ஃபேட் எல்லோருக்கும் சரிவருமா?

இல்லை. எடுத்துச் செல்வதற்கு எக்ஸ்ஃபேட் நல்லது. சேமித்து வைப்பதற்கு அது அவ்வளவு நல்லதல்ல. இரண்டையும் ஒரே டிஸ்க்கில் எதிர்பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு.

முதல் காரணம், ஜர்னலிங். என்டிஎஃப்எஸ் ஒரு மாற்றத்தைச் செய்யும் முன், ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும். பாதியில் கரன்ட் போனாலோ, கேபிள் பிடுங்கப்பட்டாலோ, மறுபடி செருகும்போது குறிப்பேட்டைப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்துகொள்ளும். ஏபிஎஃப்எஸ்ஸுக்கும் அதற்கான வேறொரு ஏற்பாடு உண்டு. எக்ஸ்ஃபேட்டில் அப்படி ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் இறங்கும் அவசரத்தில் ‘இஜெக்ட்’ கொடுக்காமல் கேபிளை உருவுகிறவர்களுக்கு எக்ஸ்ஃபேட் கருணை காட்டாது.

இரண்டாவது காரணம், மனை அளவு. விண்டோஸில் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் செய்தால், 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் ஒரு மனையின் அளவு வழக்கமாக 128 கேபி. 4 கேபி ஃபைலாக இருந்தாலும் ஒரு முழு மனை அதற்குப் போய்விடும். பெரிய வீடியோக்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால், மென்பொருள் எழுதுபவர்களின் புராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு லட்சம் குட்டி ஃபைல்கள் சாதாரணமாக இருக்கும். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால், என்டிஎஃப்எஸ்ஸில் சுமார் 400 எம்பியில் முடிவது, எக்ஸ்ஃபேட்டில் சுமார் 13 ஜிபியை விழுங்கும். யார் எந்த ஃபைலைத் திறக்கலாம், எதை இயக்கலாம் என்ற அனுமதி விவரங்களும் எக்ஸ்ஃபேட்டில் தங்காது. ஐடி ஊழியர்கள் கோடு ஃபோல்டரை அப்படியே அதில் போட்டு வைப்பது நல்லதல்ல. ஜிப் செய்து ஒரே ஃபைலாக வைக்கலாம்.

மூன்றாவது, மேக்கின் டைம் மெஷின். அந்த பேக்கப்புக்கு ஒதுக்கிய டிஸ்க் ஆப்பிளின் சொந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும். அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் பேக்கப் மொத்தமும் போய்விடும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததால், இங்கே பலருக்கு அது புதிதல்ல. எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 5.4-ல் அது இடம்பெற்றது. எனவே, இன்றைய லினக்ஸில் எக்ஸ்ஃபேட் டிஸ்க் திறப்பது சிரமமில்லை. தமிழில் நீளமாகப் பெயர் வைப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டிலும் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் உண்டு. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4-ல் கணக்கு 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 85-லேயே நின்றுவிடும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும்.

மாற்றவே தேவையில்லாதவர்கள்

மாற்றித் தரச் சொல்லி வருபவர்களில் பலருக்கு உண்மையில் மாற்றவே தேவை இருக்காது. மேக்கில் பழைய போட்டோக்களைப் பார்க்க வேண்டும், எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால், என்டிஎஃப்எஸ் டிஸ்க் அப்படியே போதும், மேக் படித்துக்கொள்ளும். எப்போதாவது ஒருமுறை சில ஃபைல்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்றால், எக்ஸ்ஃபேட்டில் உள்ள ஒரு பென் டிரைவ் போதும். மேக்கில் என்டிஎஃப்எஸ் எழுத உதவும் தனி மென்பொருள்களும் விலைக்குக் கிடைக்கின்றன.

தினமும் இரண்டு கம்ப்யூட்டரிலும் எழுத வேண்டியவர்களுக்கும், ஐபோன் 15 புரோ போன்ற போன்களில் எடுக்கும் புரோரெஸ் வீடியோவை நேரடியாக வெளி டிஸ்க்கில் பதிவு செய்பவர்களுக்கும்தான் மாற்றம் அவசியம். ஐபோனில் அந்த வேலைக்கு டிஸ்க் எக்ஸ்ஃபேட்டிலோ ஏபிஎஃப்எஸ்ஸிலோ இருக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. வேகமும் விநாடிக்கு 220 எம்பியாவது வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு அது எட்டாது, எஸ்எஸ்டிதான் வேண்டும்.

சரி, மாற்றித்தான் ஆகணும் என்றால்?

1. நேரத்தைக் கணக்கிட வேண்டும். யுஎஸ்பி 3-ல் விநாடிக்கு 100 எம்பி என்று வைத்தால் 1 டிபியை எடுக்கவே ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். திரும்ப வைக்க அதே நேரம். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் விநாடிக்கு 30 எம்பி என்றால் ஒரு பக்கத்துக்கே 9 மணி நேரம் தாண்டும். ‘நைட்டு போட்டுட்டு படுத்துடலாம்’ என்பவர்கள் லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாமல் செட்டிங்கை மாற்றி, சார்ஜரையும் மாட்டி வைக்க வேண்டும்.

2. ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’தான். பாதியில் நின்றாலும் மூலம் அப்படியே இருக்கும்.

3. காப்பி முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா? விண்டோஸில் ‘சைஸ்’ என்பதைப் பார்க்க வேண்டும். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ மனை அளவைப் பொறுத்து மாறும். பழையது, புதியது, பெரியது, சிறியது என்று சில ஃபைல்களைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

4. மற்ற டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மாற்றப்போகும் டிஸ்க்குக்கு முதலிலேயே தனிப் பெயர் வைத்துவிட்டால், எதை அழிக்கிறோம் என்ற குழப்பம் வராது. தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்தவர்கள் எல்லோரும் சரியானதைத்தான் செய்கிறோம் என்று நம்பியவர்களே.

5. விண்டோஸில் டிஸ்க்கின் மேல் ரைட் க்ளிக், ‘ஃபார்மேட்’, ‘எக்ஸ்ஃபேட்’, ‘க்விக் ஃபார்மேட்’. மேக்கில் ‘டிஸ்க் யூட்டிலிட்டி’ போய் ‘எரேஸ்’. அங்கே ‘எக்ஸ்ஃபேட்’டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6. திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகும், எடுத்து வைத்த காப்பியை உடனே அழிக்கக் கூடாது. இரண்டு கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கைச் செருகிப் பார்த்து, சில நாள் பயன்படுத்திய பிறகு முடிவு செய்யலாம்.

மேக்கில் வைத்த சில பெயர்கள் எக்ஸ்ஃபேட்டுக்குப் போகும்போது தகராறு செய்யும். கேள்விக்குறி, நட்சத்திரக் குறி போன்றவற்றை அது ஏற்காது. பெயரை மாற்றிவிட்டுக் காப்பி செய்தால் போதும்.

தெரியாம ஃபார்மேட் ஆகிடுச்சா?

முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் டிஸ்க்கைக் கழற்றுவது. க்விக் ஃபார்மேட் ஆன ஹார்டு டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாத வரை பழைய ஃபைல்களை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கக் கூடாது. மீட்ட ஃபைல்களை அதிலேயே சேமிக்கவும் கூடாது. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. காலி என்று குறிக்கப்பட்ட இடத்தை உள்ளேயே துடைத்துவிடும் ‘டிரிம்’ என்ற வசதி அவற்றில் உண்டு.

பொறுப்பு யாருக்கு?

இவ்வளவையும் சாதாரணப் பயனாளர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. முப்பது வருடத்தைத் தாண்டிய என்டிஎஃப்எஸ்ஸில் எழுத ஆப்பிள் இன்னும் வழி தரவில்லை. ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கை அடையாளம் கண்டு ‘இது மேக்கில் பயன்படுத்தியது, இதில் ஃபைல்கள் இருக்கலாம்’ என்று ஒரு வரி சொல்ல மைக்ரோசாஃப்ட்டுக்கு மனம் வரவில்லை. இரண்டு பெரிய நிறுவனங்கள் எழுப்பிய சுவரில் மோதிக்கொள்வது மாமல்லபுரத்து போட்டோகிராபரும் செங்கல்பட்டு மாணவியும்தான். ஃபார்மேட் பட்டன் பக்கத்தில், உள்ளே எத்தனை ஜிபி அழியப்போகிறது என்று காட்டுவது அந்த நிறுவனங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. அதை அவர்கள் செய்தே ஆக வேண்டும்.

அதுவரை, இரண்டாவது காப்பி ஒன்றுதான் காப்பாற்றும். பிக்ஸார் நிறுவனத்துக்கே அது 1998-ல் புரிந்தது. ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது தவறான ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் அழிந்தன. நம்பியிருந்த பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் படத்தைக் காப்பாற்றியது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி சொல்வதும் இதையே: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். அந்த ‘வேறு இடம்’ 2004 சுனாமியையும், 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களையும் பார்த்த இந்தக் கடற்கரைப் பகுதிக்குக் கூடுதலாகவே பொருந்தும். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் நனையும். ஊரில் உள்ள அம்மா வீட்டு பீரோவிலோ, க்ளவுடிலோ ஒன்று இருக்கட்டும்.

எடுத்துச் செல்ல எக்ஸ்ஃபேட்டில் ஒரு டிஸ்க். சேமித்து வைக்க, வீட்டுக் கம்ப்யூட்டரின் சொந்த ஃபைல் சிஸ்டத்தில் இன்னொன்று. இன்னொரு டிஸ்க் வாங்கும் செலவு, போன ஃபைல்களை மீட்கக் கேட்கும் தொகையைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். மீட்க முடியாமல் போனால், மகளின் முதல் பிறந்தநாள் போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.